ஸ்தனிஸ்லாஸின் நாற்பது ஆர்க்கிட்கள்

1

இந்தக் கதையை எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. ஐந்நூறு வார்த்தையில் ஒரு கட்டுரைக்குத்தான் ஒப்புக்கொண்டேன். மலைக்கிராமமான வாழவந்தியிலிருந்து பஸ் ஏறி, ஏற்காடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் என் வீட்டுக்கு வந்த ஷெர்லின், "சார், நீங்க கதையெல்லாம் எழுதுவீங்கன்னு சொன்னாங்க. எனக்கு ஒரு கட்டுரை எழுதித் தாரீங்களா?" என்று கேட்டாள். இருபத்து மூன்று வயது. பிரான்சில் பத்து மாதம் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படித்துவிட்டு வந்தவள். அவளை அங்கே அனுப்பி வைத்த அமைப்பினர் தலைப்பையும் கொடுத்திருந்தார்கள்: 'பிரெஞ்சுக் குடும்பத்தோடு வாழ்ந்ததும் என் பேரார்வத்தைக் கண்டுகொண்டதும்.' இப்படித் தலைப்புக் கொடுத்தால் எவனும் பொய்தான் எழுதுவான். நான் உற்சாகமாகப் பேனாவைத் திறந்தேன்.

முதல் தொடக்கம்: பனி படர்ந்த அந்த ஐரோப்பியக் காலைப்பொழுதில்—

(அடித்தாயிற்று. ஏற்காட்டுக்காரிக்குப் பனி என்ன புதிதா?)

இரண்டாம் தொடக்கம்: பேரார்வம் என்பது மனித மனத்தின் ஆழத்தில்—

"சார்," என்றாள் ஷெர்லின். "நான் அங்க ஒரு பொய் சொல்லிப்புட்டனுங்க. அதையும் எழுதலாமுங்களா?"

கட்டுரை அந்த இடத்திலேயே செத்தது.

2

அந்தப் பிரெஞ்சு வீட்டில் ஆளுக்கொரு கிறுக்கு. வீட்டுக்காரர் பெர்னார் பழைய கடிகாரங்களைப் பிரித்துப் பிரித்து மாட்டுவார். அவர் மனைவி ஒதீல் டிசம்பர் குளிரில் ஏரியில் நீந்துவார். பன்னிரண்டு வயது மகள் நத்தை வளர்த்தாள். முதல் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் ஒதீல் கேட்டார்: "உன் அப்பாவுக்கு எதில் பேரார்வம்?"

என்ன வேலை என்று கேட்டிருந்தால் பிழைத்திருப்பாள். அதற்கு விமானத்திலேயே பதில் தயாரித்து வைத்திருந்தாள். அப்பா ஸ்தனிஸ்லாஸ் காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். காலை ஏழு மணிக்கு ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார், வந்தவர் வராதவரை நோட்டில் குறிப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலை நீட்டிச் செய்தி பார்ப்பார். பேச்சு குறைவு. இதில் பேரார்வத்தை எங்கே போய்த் தேடுவது? மேசை மொத்தமும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆர்க்கிட்," என்றாள் ஷெர்லின். "நாற்பது வகை வைத்திருக்கிறார்."*

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் ஆர்க்கிட் வளர்ந்தது. ஒன்றுக்கு வேர் அழுகியது. இன்னொன்றைக் குரங்கு தூக்கிப் போனது. ஏழு வருடமாகப் பூக்காத ஒன்றின் பக்கத்தில் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார். அந்தச் செடிக்காக ஒதீல் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினார். பெர்னார் கடிகாரத்தை வைத்துவிட்டுக் கதை கேட்டார்.

* ஏன் நாற்பது என்று நானும் கேட்டேன். "பத்துன்னு சொன்னா மரியாதையா இருக்காதேன்னுங்க சார்."

3

ஷெர்லின் ஊர் திரும்பிய மூன்றாம் மாதம் ஒதீலிடமிருந்து செய்தி வந்தது: பெர்னாரும் நானும் இந்தியா வருகிறோம், ஆர்க்கிட்களைப் பார்க்காமல் போகமாட்டோம்.

இங்கே கதாசிரியனாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு ஸ்தனிஸ்லாஸ் மீது நம்பிக்கை வரவில்லை. கதைக்குள் இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அவருக்கு ஒரு ரகசியத் திறமை கொடுத்துப் பார்த்தேன். 'ஸ்தனிஸ்லாஸ் மாலை வேளைகளில் புல்லாங்குழலை எடுத்து—' என்று எழுதியதும் ஷெர்லின் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

பொய் மாட்டிக்கொண்டால் ஷெர்லினுக்குப் பெரிய சங்கடம். மேற்படிப்புக்கு வந்தாலும் எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று ஒதீலும் பெர்னாரும் சொல்லியிருந்தார்கள். அந்தக் குடும்பம் கைவிட்டுப் போய்விடும். அது கூடப் பரவாயில்லை. 'என்னை வெச்சு எதுக்குக் கண்ணு பொய் சொன்ன?' என்று அப்பா கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்பதுதான் அவளை அரித்தது.

அப்பா அப்படிக் கேட்கவில்லை. அவள் சொன்னதைக் கேட்டு முடித்துவிட்டு டிவி சத்தத்தைக் குறைத்தார். "எத்தன தொட்டி வேணும் கண்ணு?" என்றார்.

அம்மா சாந்தாமேரி விடவில்லை. "கறிவேப்பிலச் செடிக்கு ஒரு சொம்புத் தண்ணி ஊத்தாத மனுசன். இவரு ஆர்க்கிட் வளத்தாராமா!"

ஏற்காடு ஏரிப் பக்கம் நர்சரி வைத்திருக்கும் சையத் இப்ராஹிம் தொட்டிகளைக் குட்டியானை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். "ஏனுங்க ரைட்டரே, எண்ணிப் பாத்தா இருவத்தெட்டுத்தான் ஆர்க்கிட்டு. மிச்சத்துக்கு ஆந்தூரியமும் பெரணியும் போட்டிருக்கேன். பின்வரிசைல வெச்சுருங்க, வெள்ளக்காரருக்குத் தெரியவா போகுது?"

போகும்போது செடிகளின் லத்தீன் பேர்களை ஒரு சீட்டில் எழுதி ஸ்தனிஸ்லாஸின் சட்டைப் பையில் செருகினார். அந்தச் சட்டையை மறுநாள் சாந்தாமேரி வாளியில் ஊறப்போட்டுவிட்டார்.

4

விருந்தாளிகள் காலை பதினொரு மணிக்கு வந்தார்கள். நத்தைகளை விட்டு வர மனமில்லாமல் மகள் ஊரிலேயே தங்கிவிட்டாளாம். முற்றத்தில் நான்கு வரிசையாகத் தொட்டிகள். பெர்னார் முதல் தொட்டியிடம் குனிந்து, "இதன் பேர் என்ன?" என்று கேட்டார். ஷெர்லின் அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னாள்.

ஸ்தனிஸ்லாஸ் சட்டைப் பையைத் தடவினார். வேறு சட்டை. எதிரே வரிசை. முப்பது வருடமாக வரிசையைக் கண்டால் என்ன செய்வாரோ அதைச் செய்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாதப்பன்," என்றார்.

எஸ்டேட்டில் செடிகளின் கிளை கழித்துக் கவாத்து வெட்டும் மாதப்பனை ஷெர்லினுக்குத் தெரியும். இருந்தாலும் பிரெஞ்சில் சொன்னாள்: "இதன் பேர் மாதப்பன்."

"திங்கக்கெழமன்னா மொகத்தத் தூக்கி வெச்சுக்குவானுங்க," என்றார் அப்பா. "திட்டக்கூடாது. பக்கத்துல போயி சும்மா நின்னாப் போதும், சரியாயிருவான்."

பெர்னார் தலையாட்டினார். சில கடிகாரங்களும் அப்படித்தானாம்.

"இது அமுதவல்லிங்க. நொம்ப வேகம். ஆனா யாராச்சும் உத்துப் பாத்தா அப்படியே நின்னுருவா." அடுத்த தொட்டி. "லூர்துசெல்வி. முட்டி வலி. ஆனாலும் மேட்டுப் பக்கந்தான் வேணும்பா. அங்க நின்னாத்தான் அவ ஊடு தெரியுதாம். அதுக்காவே நான் மேட்டுலயே போட்டுட்டனுங்க."

ஒதீல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா இவ்வளவு பேசி ஷெர்லின் கேட்டதே இல்லை. நாற்பது தொட்டிக்கும் பேர் இருந்தது, பின்வரிசைப் பெரணிக்கும் இருந்தது.

கடைசியில் பெர்னார் கேட்டார்: "ஏழு வருடமாகப் பூக்காதது எது?"

அந்தக் கதையை மட்டும் ஷெர்லின் அப்பாவிடம் சொல்லியிருக்கவில்லை. நான் எழுதியது இது: ஸ்தனிஸ்லாஸ் மகளைக் காட்டி, 'அது பிரான்சுக்குப் போயிட்டு இப்பத்தான் வந்துச்சுங்க' என்றார்.

"அய்யோ சார், சினிமா மாதிரி இருக்குது," என்றாள் ஷெர்லின். "அப்பா அப்படியெல்லாம் பேசமாட்டாருங்க. 'நீயே சொல்லு கண்ணு, உனக்குத்தான் தெரியும்'னாரு. அவ்வளவுதான்."

அவள் ஒரு பெரணியைக் காட்டிக் கால் மணி நேரம் கதை சொன்னாள். ஸ்தனிஸ்லாஸுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனாலும் வாயைத் திறந்தபடி மகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

5

விருந்தாளிகளின் கார் போன பிறகுதான் ஸ்தனிஸ்லாஸ் மகளிடம் கேட்டார். "பத்து மாசமும் இப்படித்தான் சொன்னயா?"

"ஆமாங்கப்பா."

"நல்லாத்தான் சொல்ற." ஒரு தொட்டியை நகர்த்தி வைத்துவிட்டு: "ஏன் கண்ணு, என்னப் பத்தி உள்ளதச் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லீங்களா?"

மகளைப் பார்த்து வேற்றாளிடம் பேசுவதுபோல் 'இல்லீங்களா' என்றது அவளுக்குத் தாங்கவில்லை. உள்ளே போய்விட்டாள். பத்து நாள் கழித்து என்னிடம் வந்தாள். கட்டுரை என்றது சாக்கு, அந்தக் கேள்விக்குப் பதிலைத்தான் அவள் எழுதி வாங்க வந்தாள்.

மூன்று பதில் எழுதிக் கொடுத்தேன்.

(அ) 'உங்களைப் பற்றிச் சொல்ல வார்த்தைகளே போதாது அப்பா!'

(ஆ) பதில் சொல்லாமல் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்கிறாள்.

(இ) 'அப்பா, நான்—'

மூன்றையும் படித்தாள். சாப்பாட்டில் கல் கடித்தவள் போல முகத்தை வைத்துக்கொண்டு, "பேனாவக் குடுங்க சார், நானே எழுதிக்கறேன்," என்றாள். என் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினாள். அதை அப்படியே தருகிறேன், ஒரு எழுத்துக்கூட என்னுடையது இல்லை.

'அன்புள்ள ஒதீல், பெர்னார். என் அப்பா ஆர்க்கிட் வளர்ப்பதில்லை. அவர் எஸ்டேட் ரைட்டர். அன்று நீங்கள் கேட்டவை எல்லாம் மனிதர்களின் பேர்கள். அவர் சொல்லி நானும் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன்.'

"சார், இதப் பிரெஞ்சுல மாத்தி அனுப்பறதுக்கு முன்னாடி அப்பாகிட்டப் படிச்சுக் காட்டட்டுங்களா?" என்றாள். அதற்குள் வாழவந்தி பஸ் வந்துவிட்டது. தாளை மடித்துக்கொண்டு ஓடினாள்.

படித்துக் காட்டினாளா, அனுப்பினாளா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் சொல்வாள், சொன்னால் நான் அதையும் மெருகேற்றிக் கெடுத்துவிடுவேன். முடிவு தெரிந்தே ஆகவேண்டும் என்கிறவர்கள் வாழவந்திக்குப் போய் ஸ்தனிஸ்லாஸையே கேளுங்கள். காலை ஏழு மணிக்கு மட்டும் போகாதீர்கள், அப்போது அவருக்கு நாற்பது பேரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.