இராமையா வீட்டு நான்கு தூண்கள்

புஞ்சாக் ஆலாமில் இராமையா தம் சொந்த வீட்டுக்குள் முன்வாசல் வழியாக ஒருநாளும் போனதில்லை. படியேறி, நான்கு வெள்ளைத் தூண்களைக் கடந்து, நிலைப்படியைத் தாண்டினால் கொல்லையில் துணிக்கொடிக்குக் கீழே நிற்பார். தபால்காரர் உள்ளே போனார், வீடு கட்டிய சீனர் போனார், மகள் தனேஸ்வரி கைப்பேசியைப் பார்த்தபடியே போனாள். ரப்பர் தோட்டத்தில் விடியலில் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு நின்றவர்களைத்தான் அந்த வாசல் சேர்க்கவில்லை. மனைவி அன்னம்மா ஒரே தடவை முயன்றுவிட்டு, சமையலறைப் பின்கதவுச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தோட்டம் விலைபோய் லயத்து வீடுகள் இடிபட்டபோது கிடைத்த நஷ்டஈட்டில் இந்த வீட்டைக் கட்டுகையில், துரை பங்களாத் தூண்களை அப்படியே கேட்டவர் அவர்தான். உருண்டையாக, உச்சியில் இலை வேலைப்பாட்டோடு. இருபத்தாறு வருடம் பால்மரம் வெட்டியவர் அந்த பங்களாவைப் படிக்குக் கீழே நின்றுதான் பார்த்திருந்தார். அளவையும் அங்கிருந்து தெரிந்தபடியே சொன்னார். வரைபடம் போட்ட மாதவி கட்டடக்கலை படித்த பெண்.

"அங்கிள், இது கிரேக்கக் கோயில் தூண் லா. ஜனங்க வெளிய நின்னு மலைக்கணும்னு வச்சது. துரைங்களும் அதுக்குத்தான் வச்சாங்க. உங்களுக்கு எதுக்கு?"

"நான் மலைச்சது போதும்மா. இனி மத்தவன் மலைக்கட்டும்."

தனேஸ்வரிக்குப் பரிசம் போட சுங்கை ஆயர் தாவாரிலிருந்து சம்பந்தி வந்தார், தோட்டக் கணக்கெழுதிய பழைய கிராணி ஒருவரின் மகன். அவரைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போகத்தான் இராமையா அந்த வீட்டையே கட்டினார். பிடித்த கையோடு நிலையைத் தாண்டினார். சம்பந்தி கூடத்தில் இருந்தார். இராமையா சந்தனக் கிண்ணத்தோடு ஈரத் துணிகளுக்கு நடுவே இருந்தார். ஓடிவந்து மூன்று முறை ஏறினார், மூன்று முறையும் கொல்லைதான்.

உள்ளே பேச்சு கேட்டது. "அப்பா எங்கம்மா?"

"பின்னாடி இருக்காங்க, நீங்க உக்காருங்க மாமா" என்றாள் தனேஸ்வரி, கழிப்பறை எங்கே என்று கேட்டவருக்குச் சொல்வதைப்போல. பெற்ற மகளுக்கே அது பழகிப்போயிருந்தது.

மறுநாள் மண்வெட்டும் சாங்குலைத் தூக்கிக்கொண்டு தூண்களை உடைக்கப் போனார். முதல் தூணின் முன் நின்றதும் கால்கள் தாமாகச் செருப்பைக் கழற்றின, கை தலைத்துண்டை இடுப்புக்கு இறக்கியது. சாங்குலைச் சாய்த்து வைத்துவிட்டு, தூண்களுக்கு அடிக்கச் சுண்ணாம்பு வாங்கப் போனார். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த ஆண்டு அதே வீட்டு வரிசையில், அதே தோட்டத்து ஆட்கள் இன்னும் மூன்று பேர் அதேபோன்ற தூண்களை வைத்து வீடு கட்டினார்கள். பின்வாசலைக் கொஞ்சம் அகலமாகக் கட்டச் சொன்னார்கள்.