போட்டு வாறன்

‘போட்டு வாறன்’, அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டவர் வீடு திரும்பியே ஆகவேண்டும். அவருக்கு வர வசதிப்படாவிட்டால், அவரைப் போலவே ஒருவர் வருவார். ஒஸ்லோவில் கமலாசினியின் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

கணவர் குகநேசன் வேறொருத்தியோடு வாழப் பேர்கனுக்குப் போனபோது, வாய்ப்பழக்கத்தில் வாசலில் நின்று ‘போட்டு வாறன்’ என்று சொல்லித் தொலைத்தார். அன்று பின்னேரமே ஒரு குகநேசன் வந்து சப்பாத்தைக் கழற்றினார். இன்றுவரை சோபாவில் இருந்து செய்தி பார்க்கிறார், புட்டுக்குச் சம்பல் காணாது என்கிறார். பேர்கனில் இருப்பவர் வருடப்பிறப்புக்கு வாழ்த்து அனுப்புவார். இருவருக்கும் மனஸ்தாபம் ஒன்றும் இல்லை.

கமலாசினிக்குக் கவலையெல்லாம் மகள் மிதுஷாதான். படிக்க ட்ரொம்சோவுக்குப் போகிறாள். அவள் விடைபெறும்போது ‘ஹா தே’ சொல்லி வளர்ந்தவள். அந்த நோர்வேஜியச் சொல்லில் போவதும் இல்லை, வருவதும் இல்லை. காலையிலிருந்து கமலாசினி குட்டிபோட்ட பூனைபோல வீட்டுக்குள் நடந்தாள்.

“ஒருக்காத் தமிழிலை சொல்லிட்டுப் போவன் பிள்ளை.”

“சொன்னா இன்னொரு மிதுஷா வந்து அப்பாவுக்குப் பக்கத்திலை குந்திக்கொண்டிருப்பாள். உங்களுக்கு அவள் போதுமே?”

போதும் என்ற சொல் கமலாசினியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மிதுஷா பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். “அம்மா, போறன்,” என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

நல்ல வீட்டு வாசலில் நின்று யாரும் சொல்லாத சொல். கமலாசினி பின்னேரம்வரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை.

இருப்புக்கொள்ளாமல் ஊரில், கரவெட்டியில் இருக்கும் தாய்க்குப் போன் எடுத்தாள். இத்தனை வருடத்தில் அம்மா ஒருநாள்கூட ‘எப்ப வருவாய்’ என்று கேட்டதில்லை. அந்தக் கோபம் அவளுக்குள் கிடந்தது. இன்று ஏன் என்று கேட்டேவிட்டாள்.

“நான் ஏன் கேக்கோணும்? போட்டு வாறன் எண்டு சொல்லித்தானே வெளிக்கிட்டனி. அண்டைக்குப் பின்னேரமே வந்திட்டாய். இந்தா, குசினிக்கைதான் நிக்கிறாய். கதைக்கிறியே?”

போன் கைமாறியது. பின்னால் ஏதோ தாளிக்கிற சத்தம் கேட்டது.

“ஹலோ, ஆர் கதைக்கிறது?” கமலாசினியின் குரல்தான். குளிரில் கெடாத குரல்.

கமலாசினி கொஞ்சம் யோசித்தாள்.

“மிதுஷாவின்ரை அம்மா,” என்றாள்.