டெய்லரக்காவின் கரை அளவு

டெய்லரக்காவுக்குத் தன் ஓரகத்தியைக் கண்டாலே ஆகாது. கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்தே ஆகாது என்று சொன்னால் அது பொய். மணல் லாரிகள் வந்த பிறகுதான் ஆகாமல் போனது.

ஆற்றில் மணல் அள்ளுவதை எதிர்த்து ஊரில் முதலில் வாயைத் திறந்தது யார்? டெய்லரக்கா. அண்ணன் தம்பி இரண்டு குடும்பத்துக்கும் சோறு போடுகிற ஒரே வயல் ஆற்றங்கரையில் இருந்தது. மெஷின் தோண்டத் தோண்டக் கரை இடிந்துகொண்டே வயலை நெருங்கியது. துணி தைக்கக் கொடுக்க வந்தவர்களிடம் பேசிப் பேசியே முப்பது வீட்டுக் கையெழுத்தை வாங்கினாள். தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன் கடையிலேயே முதல் கூட்டத்தைக் கூட்டினாள். அந்தக் கூட்டத்துக்கு டம்ளர் கழுவ வந்தவள்தான் ஓரகத்தி. மூன்றாவது கூட்டத்தில் யாரோ அவள் கையில் மைக்கைக் கொடுத்துத் தொலைத்தார்கள். அவள் பேசினாள். கிழவர்கள்கூட எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்றிலிருந்து ஊருக்கே அவள் 'மைக்கு'. டிவிக்காரர்கள் வந்தால் "மைக்கு எங்க?" பேப்பரில் படம் வந்தால் நடுவில் மைக்கு, ஓரத்தில் டெய்லரக்காவின் அரை முகமும் ஒரு காதும்.

பொறாமைதான். வேறு பெயர் வைத்து மழுப்ப வேண்டியதில்லை. அந்தப் படம் வந்த அன்று ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டாள். நல்ல துணி, பாழாய்ப் போனது.

அவளுக்கென்று மிஞ்சியது அளவு நோட்டு ஒன்றுதான். வெள்ளிக்கிழமைதோறும் காலையில் வயலின் எல்லைக்கல்லிலிருந்து கரை விளிம்பு வரை இஞ்ச் டேப்பை வைத்து அளப்பாள். டேப் முடிகிற இடத்தில் ஒரு குச்சியை நட்டு, அங்கிருந்து மறுபடி அளப்பாள். இருபத்தாறு வாரம் விடாமல் எழுதியிருந்தாள். முதல் வாரம் இருபத்தோரு அடி இருந்த நிலம் இப்போது ஒன்பதுக்கு வந்திருந்தது.

"அக்கா, நான் ஒரு பக்கம் பிடிச்சுக்கட்டுமா? காத்துல டேப்பு ஆடுதுல்ல" என்று மைக்கு ஒருநாள் கேட்டாள்.

"உனக்குத்தான் மைக்கு இருக்கே, அதைப் பிடி" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள் டெய்லரக்கா.

ஒரு வெள்ளிக்கிழமை, முப்பது வீடும் கையெழுத்துப் போட்ட மனுவை விசாரிக்க அதிகாரி ஒருவர் நேரில் வந்தார். கரை எப்போதோ வெள்ளத்தில் இடிந்தது, தோண்டியதால் இல்லை என்று மணல் கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. இல்லை, வாராவாரம் இடிகிறது என்று சொல்ல ஊரிடம் இருந்தது அந்த நோட்டு மட்டும்தான். நோட்டை நம்பினால் மெஷின் நிற்கும். நம்பாவிட்டால் அடுத்த விதைப்புக்கு வயல் இருக்காது.

அதிகாரி இரும்பு டேப்பை எடுத்து அளந்தார். "சரியா ஒன்பது அடி. நோட்டுல இன்னிக்குக் காலை தேதி போட்டு ஒன்பது அடி நாலு இஞ்ச்னு இருக்கே?"

கம்பெனி மேனேஜருக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. "பாத்தீங்களா சார்? இன்னிக்கு அளவே தப்பு. மிச்ச வாரமெல்லாம் வீட்ல உக்காந்து எழுதினதா இருக்கும்."

நாலு இஞ்ச் என்றதுமே டெய்லரக்காவுக்குப் புரிந்துவிட்டது. தையலுக்கு இந்தப் பக்கம் இரண்டு இஞ்ச், அந்தப் பக்கம் இரண்டு இஞ்ச். வெட்டும்போது மறந்துவிடுமோ என்று எழுதும்போதே சேர்த்து எழுதுவது அவள் வழக்கம். இருபது வருஷப் பழக்கத்தில் ஆற்றங்கரைக்கும் தையலுக்குத் துணி விட்டிருக்கிறாள்!

"யார் அளந்தது?" என்றார் அதிகாரி.

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அதைவிட, மைக்கு பார்த்துக்கொண்டிருந்தாள். டெய்லரக்கா தலையைக் குனிந்து இஞ்ச் டேப்பை விரலில் சுற்ற ஆரம்பித்தாள்.

"நான்தான் சார்" என்று முன்னால் வந்தாள் மைக்கு. "அளந்ததும் எழுதினதும் நான். ஏதோ கைத்தவறு, மன்னிச்சுக்குங்க."

டெய்லரக்காவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கூட்டம் போச்சு, படம் போச்சு, கைதட்டல் போச்சு. வெயிலில் முதுகு வளைந்து அளந்த இருபத்தாறு வெள்ளிக்கிழமையுமா இவளுக்கு?

"ஏய், நீ எங்கடி அளந்த? டேப்பை என்னிக்காவது தொட்டிருப்பியா? சார், அவ பொய் சொல்றா. அளந்தது நான், எழுதினது நான். தப்பும் என்னோடதுதான்!" என்று கத்தியவள், அதே மூச்சில் தையலுக்கு விடுகிற துணிக் கதையையும் கொட்டிவிட்டாள். கூட்டம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை.

"இவரோட தோளை அளந்து எழுதுங்க" என்று மேனேஜரைக் காட்டினார்.

மேனேஜர் நெளிந்தார். டெய்லரக்கா அளந்தாள். இந்த ஒரு தடவையாவது ஒழுங்காக எழுது என்று மனசு சொல்லியும் கை கேட்கவில்லை. இருபத்திரண்டு என்று எழுதியது. அதிகாரி தன் டேப்பை வைத்தார். பதினெட்டு.

"எல்லா வாரமும் அதே நாலு இஞ்ச் கூடன்னா, வாராவாரம் குறைஞ்ச கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றார். நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். மெஷினை நிறுத்தச் சொல்லி அங்கேயே உத்தரவு எழுதினார். மதியத்துக்குள் ஆற்றில் சத்தம் அடங்கிவிட்டது.

வரப்பில் திரும்பி வரும்போது டெய்லரக்கா கேட்டாள். "ஏன்டி பொய் சொன்ன?"

"நாலு இஞ்ச்னதும் எனக்கும் புரிஞ்சுபோச்சுக்கா. நீங்க தைச்ச ஜாக்கெட்டைத்தானே போட்டிருக்கேன், உள்ள எவ்வளவு மடிச்சிருக்கும்னு தெரியாதா? ஆனா நான் சொன்னா எடுபடாது, அளந்தவங்கதான் சொல்லணும். நீங்க வாயே திறக்கல. அந்தப் பேரு எனக்கு வந்துரும்னா மட்டும் உங்களுக்குப் பேச்சு வந்துரும்ல?"

டெய்லரக்கா நின்றுவிட்டாள். ஆறு மாதமாகத் தன் பொறாமையை யாருக்கும் தெரியாமல் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். இவளோ தெரிந்தேதான் தினமும் அக்கா அக்கா என்று பக்கத்தில் நின்றிருக்கிறாள். வயல் பிழைத்ததே இவள் யோசனையால்தான்.

"இதை யார்கிட்டயும் சொல்லாத."

"சொல்லமாட்டேன்க்கா."

அவள் சொல்லமாட்டாள்தான். அதை நினைத்தபோதுதான் டெய்லரக்காவுக்கு இன்னும் வயிறு எரிந்தது.