ஆதிமூலம் மகன்

போலீஸ் வேன் ஆதிமூலத்தின் களத்துமேட்டில் வந்து நின்றபோது காலை பத்து மணி. மறியல் வாரம் முடிந்து எட்டாவது நாள். புளியமரங்களைச் சாய்த்துப் போட்டு ஒரு வாரம் பஸ்ஸே ஓடாமல் கிடந்த சங்கராபுரம் ரோட்டில் இப்போது போலீஸ் வண்டிகளுக்குக் குறைவில்லை. இட ஒதுக்கீடு கேட்டு எந்த ஊரில் எவன் கோடாலி பிடித்தான் என்று பட்டியல் போட்டு அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் கையில் ஒரு தாள். இந்த ஊருக்கு அதில் ஒரே வரி: ஆதிமூலம் மகன்.

"மரத்தை வெட்னவன் அவன்தான். அங்க கல்லு வுட்டதுல எங்க ஏட்டுக்கு ஒரு கண்ணு போச்சு. ஒனக்கு ரெண்டு பையனாமே, எவன்?"

ஆதிமூலம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கை தானாக நீண்டது. மாட்டுக்கொட்டகை ஓரமாக உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்த பாவாடை என்ற சின்ன மகனை நோக்கி நீண்டது.

யோசிக்க என்ன இருக்கிறது? பெரியவன் கொளஞ்சியப்பன் அவர் கையில் வளர்ந்தவன். பி.ஏ. படித்தவன். அப்பா வந்தால் எழுந்து நிற்பான், குரலை உயர்த்த மாட்டான். ஊரில் எவன் பிள்ளை கெட்டாலும் பெற்றவனைக் கூப்பிட்டு, எல்லாம் வளர்க்கிற விதத்தில் இருக்கிறது என்று சொல்லும் தைரியம் ஆதிமூலத்துக்கு அவனால்தான் வந்தது.

சின்னவன் கதை வேறு. அவன் பிறந்த நேரம் அப்பனுக்கு ஆகாது, பன்னிரண்டு வயது வரை முகத்தில் விழிக்கக்கூடாது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்து வழக்கப்படி ஒரு படி தவிட்டை வாங்கிக்கொண்டு பிள்ளையை மைத்துனன் பூமாலைக்கு விற்றதாகப் பேருக்கு ஒரு சடங்கு செய்தார்கள். பூமாலை சங்கராபுரத்தில் மலைக்கு ஜீப் ஓட்டுகிறவன். அங்கே வளர்ந்து திரும்பி வந்தவன் பீடி குடித்தான், சந்தையில் சண்டை போட்டான், பெற்ற அப்பனை நீ என்றான். இப்போதும் மாமன் ஜீப்பைத்தான் ஓட்டினான். எது தப்பாக நடந்தாலும் ஆதிமூலம் சொல்வது ஒன்றே. "தவிட்டுக்குப் போனது. என் வளப்பு இல்ல."

மறியல் வாரத்தில் இரண்டு பேருமே வீட்டில் இல்லை. பெரியவன் வேலைக்கான பரீட்சைக்குப் படிக்க ரிஷிவந்தியத்தில் சிநேகிதன் வீட்டில் தங்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். சின்னவன் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. சொன்னவனை நம்பினார், சொல்லாதவனை நம்பவில்லை. அவ்வளவுதான் விசாரணை.

மனைவி அமிர்தம் அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "ஏங்க, கொஞ்சம் இருங்க" என்று ஆரம்பித்தாள். ஆதிமூலம் திரும்பிப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டாள்.

பாவாடை நிமிர்ந்தான். அப்பனைப் பார்த்தான். பிறகு வாசற்படியில் புத்தகமும் கையுமாக நின்ற அண்ணனைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அண்ணன் புத்தகத்தை மூடிவிட்டுத் தரையைப் பார்த்தான். பாவாடை மிச்சக் கூழைக் குடித்து முடித்து, கை கழுவிக்கொண்டு, தானாகப் போய் வேனில் ஏறினான். இன்ஸ்பெக்டர் நீட்டிய காகிதத்தில் ஆதிமூலம் கையெழுத்துப் போட்டார்.

மூன்று நாள் கழித்து, வக்கீல் யாரையாவது பார்க்கலாமே என்று அமிர்தம் அழுத அழுகை தாங்காமல், மைத்துனனிடம் கேட்கலாம் என்று சங்கராபுரம் போனார். பூமாலை ஜீப் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தான். வா என்றுகூடச் சொல்லவில்லை.

"மறியல் வாரம் பூரா பையன் வெள்ளிமலைல இருந்தான் மாமா. கடுக்கா மூட்டை ஏத்திகினு வர மேல போனவன். கீழ மரத்தைப் போட்டு அடைச்சிட்டாங்க, ஜீப்பை எறக்க முடியல. ஏழு நாளும் மலைக்காரங்க வூட்ல சாமைச்சோறு துன்னுகினு கெடந்தான். நூறு பேர் சாட்சி இருக்கு."

அவன் இன்னும் என்னென்னவோ சொன்னான். ஆதிமூலம் காதில் விழவில்லை. தாளில் இருந்தது ஒரே வரி. சின்னவன் மலைமேல் இருந்தான் என்றால் அந்த வரி யார்?

வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கொளஞ்சியப்பன் கட்டிலை விட்டு எழுந்து நின்றான், எப்போதும்போல.

"மரத்தை வெட்னது நீயாடா?"

"ஆமாங்கப்பா."

மறைக்கவே இல்லை. காலேஜ் ஹாஸ்டலில் சேர்ந்த நாளிலிருந்து, மறியலை நடத்திய சங்கத்தில் இருப்பதாகச் சொன்னான். இரண்டு வருஷமாக வேலைக்கு எழுதிப்போட்டு அலைந்தவனுக்கு அங்கே கூட்டம் கிடைத்தது, காரணமும் கிடைத்தது. மரத்தை வெட்டியது தப்பென்று இப்போதும் நினைக்கவில்லை, ஆனால் கல்லெறிந்தவன் தானில்லை என்றான். ஆதிமூலத்துக்கு அந்த நிமிஷம்கூட ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. ஹாஸ்டல் கெடுத்தது, சங்கம் கெடுத்தது. தான் வளர்த்தது கெடவில்லை.

"அப்ப தம்பியை இஸ்துகினு போனாங்களே. பாத்துகினுதானே நின்ன? ஏன் வாயத் தொறக்கல?"

"நீங்க கை காட்டிட்டீங்களே" என்றான் அவன், பணிவாக. "நீங்க ஒண்ணு சொன்னப்புறம் மறுத்துப் பேசக்கூடாதுன்னு நீங்கதானேப்பா அடிச்சி வளத்தீங்க."



அன்று சாயங்காலமே ஆதிமூலம் ஸ்டேஷனுக்கு நடந்தார். ஒரு மகனை மீட்க இன்னொரு மகனை எழுதிக் கொடுக்கப் போகிறோம் என்று தெரிந்தே நடந்தார். இன்ஸ்பெக்டர் கேட்டுவிட்டுச் சிரித்தார். பெற்ற அப்பனே அடையாளம் காட்டினான் என்று ஆதிமூலத்தின் கையெழுத்தோடு கோர்ட்டுக்குப் போயாகிவிட்டது. அன்றைக்கு ஒரு மகன், இன்றைக்கு ஒரு மகனா? மலைக்காரன் சாட்சியை எவன் கேட்பான்? பெரியவன்தான் என்றால் அவனே வந்து சொல்லட்டும் என்று அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்தபோது பெரியவன் வீட்டில் இல்லை. சர்டிபிகேட் வைத்திருந்த தகரப்பெட்டியோடு, அவர் கிளம்பியதுமே சாயங்கால பஸ்ஸில் போய்விட்டான். எங்கே என்று அமிர்தத்துக்குத் தெரியவில்லை. புருஷனிடம் பேசுவதையும் அன்றோடு நிறுத்திவிட்டாள்.

ஜெயிலில் மனு எழுதிக் கொடுத்துப் பார்க்க அடுத்த வியாழக்கிழமை ஆயிற்று. கம்பிவலைக்கு அந்தப் பக்கம் பாவாடை வந்து நின்றான். வலது கையில் அழுக்குத் துணி சுற்றியிருந்தது. நாலு விரலும் வீங்கிக் கறுத்திருந்தன.

அன்றைக்கே மலையில் இருந்தேன் என்று சொல்லியிருக்கலாமே என்று ஆதிமூலம் விம்மினார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பாவாடைக்குக் கோபம்கூட வரவில்லை.

"மாமன் பெல்ட்டால அடிப்பாரு. ஆனா அடிக்கறதுக்கு முன்ன, நீயாடா பண்ணனு ஒரு தபா கேப்பாரு. நான் இல்லன்னா வுட்டுடுவாரு. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். நீ கேப்பேன்னுதான் பாத்துகினு இருந்தேன்."

பின்னாலிருந்து வார்டர் நேரம் முடிந்தது என்றான். ஆதிமூலம் பிடித்திருந்த வலையை விடவில்லை.

"மாமன்கிட்ட சொல்லு" என்றான் பாவாடை, துணி சுற்றிய கையைப் பார்த்துக்கொண்டு. "ஜீப்புக்கு வேற ஆளைப் பாக்கச் சொல்லு. இந்த வெரலு மடங்காதாம். ஸ்டீரிங்கு புடிக்க முடியாது."

சொல்லிவிட்டு உள்ளே நடந்தான்.