பாதிப் பழம்

கபன் துணியால் இறந்த அத்தாவின் முகத்தை மூடப்போன பள்ளிவாசல் மோதினாரை லத்தீஃபா தடுத்தாள். “கொஞ்சம் இருங்க மோதினார். சிங்காரவேலு மாமாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன்.”

அண்ணன் அப்துல் மஜீதுக்குச் சுருக்கென்றது. “அந்தாளு எதுக்கு? குத்தகைதாரன்னு பேரைப் பதிஞ்சுகிட்டு அத்தாவைக் கோர்ட்டு வாசல்ல நிக்க வச்சவரு.”

“அத்தாதாண்ணே தேடுனாங்க.”

எப்படித் தேடினார் என்பதை அத்தனை பேர் நடுவில் அவளால் சொல்ல முடியவில்லை. “வாழைப்பழம் வந்துச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினார். பசி என்று நினைத்து எல்லோரும் பழத்தைப் பிசைந்து ஊட்டப் பார்த்தார்கள். அவளுக்குத்தான் விஷயம் தெரியும்.

கூத்தாநல்லூர் டூரிங் கொட்டகைக்கு ஒருமுறை குதிரைக்காரன் படம் ஒன்று வந்தது. சுத்த அசட்டு இங்கிலீஷ் படம். கதாநாயகன் குதிரைமேல் வால் பக்கம் பார்த்து உட்காருவான். துப்பாக்கிச் சண்டையில் இடுப்பிலிருந்து வாழைப்பழத்தை உருவுவான். எதிராளி சுட மறந்து பாதியை வாங்கித் தின்பான். ஒரு வசனமும் விளங்காமல் அத்தாவும், அவர் நிலத்தில் குத்தகைக்கு உழுத சிங்காரவேலுவும் மணல் தரையில் புரண்டு சிரித்தார்கள். அதன்பிறகு களத்துமேட்டில் யார் முதலில் பழத்தை உருவுவது என்று இரண்டு கிழங்களுக்கும் போட்டி. உருவியவர் பாதியைக் கொடுத்துவிட வேண்டும்.

கேஸ் வந்ததும் அது நின்றது. அதற்குப் பிறகு அத்தா வாய்விட்டுச் சிரித்து அவள் பார்க்கவில்லை.

சிங்காரவேலு வந்து வாசலிலேயே நின்றார். மஜீது வழிவிடவில்லை. லத்தீஃபா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். “உள்ள வாங்க மாமா.”

மஜீது ஒதுங்கினான். சிங்காரவேலு குனிந்து முகத்தைப் பார்த்தார். அவர் கை இடுப்புக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

“நேரமாச்சு” என்றார் மோதினார்.

அத்தாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போனார்கள். வீடு காலியானதும் லத்தீஃபாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாசற்படியில் ஒரு பூவன் பழம் இருந்தது. இடுப்பில் அழுந்தித் தோல் கறுத்திருந்தது. உரித்துப் பாதியைத் தின்றாள்.

அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து திரும்பிய மஜீதிடம் மீதியை நீட்டினாள்.

“ஏது இது?”

“வாசப்படியில இருந்துச்சு. சாப்பிடுங்கண்ணே.”

அவன் படியைப் பார்த்தான். தெருவைப் பார்த்தான். பிறகு கையை நீட்டினான்.