மந்திரக்காரி எந்தக் கிளைக்குப் போனாள்

1

“பாப்பா, உன் மந்திரக்காரி எந்தக் கிளைக்குப் போகப் போறா?”

இந்தக் கதை இந்தக் கேள்வியிலிருந்து வந்தது. கேட்டவர் மீசை அண்ணன். கேட்கப்பட்டவள், ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்து, தேய்த்து, மடித்து அனுப்பும் ஒரு சலவைக்கூடத்தில் மடிப்பு வேலை பார்ப்பவள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். (பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஒரு வருஷம் முழுக்க அடைத்துக்கொண்டால் என்ன செய்வது?) வாயில் வராததெல்லாம் அவளுக்கு நோட்டில் வரும். துணிப்பெட்டிக்கு அடியில் ஏழு நோட்டுகள் கிடக்கின்றன, யாருக்கும் தெரியாமல். இது எட்டாவது.

அவள் என்ன பதில் சொன்னாள் என்பதுதான் கதை என்று முதல் வரைவில் இருந்தது. இல்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தபோது என்ன நடந்தது என்பதுதான் கதை. அதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. எனவே முதலில் விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடலாம். (தள்ளிப்போடுவதாக நீங்கள் நினைத்தால், சரியாகத்தான் நினைக்கிறீர்கள்.)

2

மதியம் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம். நாலு பேரும் பத்து நிமிஷத்தில் டிபன் பாக்ஸை மூடிவிடுவார்கள். பிறகு, விரிப்பு மடிக்கிற நீள மேசையின் ஒரு ஓரத்தைத் துடைத்துவிட்டுப் பகடையை எடுப்பார்கள். இருபது முகம் உள்ள பகடை. கதையை நடத்துவது சூப்பர்வைசரக்கா. குகை, கோட்டை, பூதம் எல்லாம் அவள் வாயிலிருந்துதான் வரும். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு வேஷத்தில் அதற்குள் இறங்குவார்கள். நினைத்தது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும்.

மீசை அண்ணன் வாள்வீரன். (மீசை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்ததாம். நீராவியில் அரிக்கிறது என்று எடுத்துவிட்டார். பேர் மட்டும் எடுபடவில்லை.) துணி மூட்டைகளை வண்டியில் கொண்டுவந்து கொண்டுபோகும் டிரைவர், திருடன். அவள் மந்திரக்காரி.

“இந்தக் கோட்டையில பூட்டு எத்தனைக்கா?” என்பார் டிரைவர்.

“உனக்கு எதுக்கு? நீ எப்பவும்போல வெளியில நின்னு வேடிக்கை பாரு,” என்பார் மீசை அண்ணன்.

“திருடனுக்கு மரியாதை குடுங்கண்ணே. நேத்து உங்க உயிரைக் காப்பாத்துனது யாரு?”

“அப்படியே என் பையையும் காப்பாத்தி எடுத்து வெச்சுக்கிட்டியே, அதைச் சொல்லு.”

மற்ற நேரத்தில் ‘ம்’ என்பதைத் தாண்டாதவள், மந்திரக்காரியாக மட்டும் பேசுவாள். முதல் தடவை, “ஒரு அடி வெச்சே, அப்படியே உறைஞ்சு போயிடுவே!” என்று ஒரு பூதத்தைப் பார்த்துச் சொன்னபோது, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த டிரைவருக்குப் புரையேறிவிட்டது. “அட, பாப்பாவுக்கு வாய் இருக்குடா!” என்றார் மீசை அண்ணன். பல நாள் அதையே சொல்லிச் சிரித்தார்.

மந்திரக்காரி மூன்றாம் படிக்கு வந்ததும் தனக்கென்று ஒரு கிளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நெருப்பு என்றால் எரிக்கலாம். மாயை என்றால் இருப்பதை இல்லாததாகக் காட்டலாம், இல்லாததை இருப்பதாகக் காட்டலாம். பார்வை என்றால், ஒரு பொருளைத் தொட்டதும் அதற்கு என்ன நடந்தது, யார் செய்தது என்று தெரிந்துவிடும். தெரிந்ததை மறைக்கவும் முடியாது, கேட்டால் சொல்லியே ஆக வேண்டும். ஒரு கிளைக்குப் போனால் மற்றதற்குத் திரும்ப முடியாது. இந்த மேசையில் ஒரு வழக்கம் இருந்தது: உயிர், பொருள், காயம் எல்லாம் ஆளுக்கொரு தாளில் பென்சிலால் எழுதுவார்கள். கிளையை மட்டும் பேனாவில்.

3

இனித் தள்ளிப்போட இடமில்லை. தொடக்கங்கள்:

‘அன்று வியாழக்கிழமை. உருளை மெஷினில் ஈர விரிப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. யாரோ தடுப்புக் கம்பியைத் தூக்கிக் கட்டியிருந்தா—’

வேண்டாம். யாரோ என்று ஒருவர் அந்தக் கூடத்தில் வேலை பார்க்கவில்லை.

(மெஷினைப் பற்றி: கொதிக்கக் கொதிக்க இரண்டு உருளைகள். ஒரு பக்கம் ஈர விரிப்பை விட்டால் மறுபக்கம் காய்ந்து, தேய்த்து வரும். விடுகிற பக்கத்தில், கை நீளும் இடத்தில், ஒரு கம்பி. கை அதில் பட்டால் மெஷின் நின்றுவிடும். ஒரு நாளைக்கு இருபது தடவை நிற்கும். திரும்ப ஓட்டுவதற்குள் உள்ளே இருக்கும் விரிப்பு சுருங்கிப்போகும்.)

‘சூப்பர்வைசரக்கா கம்பியைத் தூக்கிக் கட்டச் சொன்னாள். அவள் சொன்னால் யார்தான்—’

சொன்னது உண்மை. ஆனால் இந்த வாக்கியம் அதோடு நின்றுகொள்ளப் பார்க்கிறது. கட்டச் சொன்னாள், சரி. கட்டியது?

‘மீசை அண்ணனுக்கும் தெரியும். கட்டுங்க கட்டுங்க, இன்னிக்கு குகைக்குள்ள போயே தீரணும் என்று சிரித்தா—’

இதுவும் நடந்ததுதான். ஆனால் விரலைக் கொடுத்தவரை முதல் வரியிலேயே குற்றவாளியாக நிறுத்துகிற தொடக்கம் இது. கம்பெனி எழுதிய தாளும் இப்படித்தான் தொடங்குகிறது.

4

நான் கட்டினேன்.

(இந்தப் பகுதி முடியும்வரை ‘அவள்’ இல்லை.)

அன்றைக்குத்தான் மந்திரக்காரி கிளை தேர்ந்தெடுக்க வேண்டிய நாள். காலையில் இரண்டு மூட்டை கூடுதலாக வந்து இறங்கியது. மெஷின் நின்று நின்று ஓடினால் சாப்பாட்டு நேரம் பறிபோகும். அக்கா என்னைக் கூப்பிட்டு, “நீதான் உயரம். அந்தக் கம்பியைத் தூக்கிக் கட்டிடு பாப்பா. உனக்காகத்தானே இன்னிக்கு,” என்றாள். பழைய விரிப்பில் ஒரு பட்டை கிழித்தேன். இரண்டு முடிச்சுப் போட்டேன். ஒன்றே போதும். அவிழ்ந்து தொலைந்தால் நேரம் போகுமே என்று இரண்டு.

மெஷின் நிற்காமல் ஓடியது. சந்தோஷமாக இருந்தது, அதையும் எழுத வேண்டும்.

நான் மறுபக்கம் நின்று, சூடாக வரும் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தேன். மீசை அண்ணன் அந்தப் பக்கம் விட்டுக்கொண்டிருந்தார். ஒரு விரிப்பின் ஓரம் மடங்கி உள்ளே போனது. அதை நீவிவிடக் கையை நீட்டியபடியே தலையை என் பக்கம் திருப்பி, மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தி, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

வலது கை. நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல். விரிப்பு என் பக்கம் வந்தது. வந்ததைப் பிடித்து மடித்தேன். பாதி மடித்த பிறகுதான் நிறத்தைப் பார்த்தேன்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அக்கா முடிச்சை அறுத்தாள். பட்டையைக் கொதிகலன் அடுப்பில் போட்டாள். கம்பி தன் இடத்துக்கு இறங்கியது. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

5

திரும்பவும் அவள்.

திங்கட்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு விசாரணை அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். கம்பெனியின் தாளில், மீசை அண்ணனே கம்பியைத் தூக்கிவிட்டுக் கையை விட்டார் என்று இருந்தது. அது நிலைத்தால் அவருக்கு நஷ்டஈடும் கிடையாது, வேலையும் கிடையாது. கம்பி கட்டியிருந்தது என்று யாராவது சொன்னால் அக்காவுக்கு வேலை போகும். கட்டிய கை யாருடையது என்று அடுத்த கேள்வி வரும். அவரைத் தவிரப் பார்த்தவர்கள் இரண்டே பேர், அக்காவும் அவளும். டிரைவர் அந்த நேரம் வண்டியில் இருந்தார்; கேள்விப்பட்டது மட்டும்தான்.

அன்று மதியம், டிபன் பாக்ஸை யாரும் திறக்காமலே, அக்கா மேசையைத் துடைத்தாள். பகடையை எடுத்து வைத்தாள்.

“விளையாடுற நேரமாக்கா இது?” என்றார் டிரைவர்.

“விளையாட்டு இல்ல. மந்திரக்காரி பாதியில நிக்கிறா, முடிச்சுவிட்டுருவோம்.” மந்திரக்காரியின் தாளை அவள் பக்கம் தள்ளி, மேலே பேனாவை வைத்தாள் அக்கா. “மாயை எடு பாப்பா. இருக்கறதை இல்லாம ஆக்கிடலாம். எல்லாருக்கும் நல்லது.”

“எல்லாருக்குமா?” என்றார் டிரைவர். “நாம நாலு பேருக்கா. ஒருத்தர் கட்டுப் போட்டுப் படுத்திருக்காரு.”

“எனக்கு எண்ணத் தெரியும். வீட்டுல ரெண்டு வாய் இருக்கு எனக்கு. நீ வந்து ஊட்டுவியா?”

அக்கா அவளைப் பார்த்தாள். அதட்டவில்லை. பேசவே தெரியாத பெண்ணை இந்த வேலையில் சேர்த்துவிட்டதும், பகடையைக் கையில் கொடுத்ததும் இந்த அக்காதான். அந்த முகத்தில் கெஞ்சலைப் பார்ப்பதற்கு அதட்டலே தேவலை.

அவள் பேனாவை எடுத்தாள்.

“என் மந்திரக்காரி பார்வைக்குப் போறா,” என்றாள். குரல் நடுங்கவில்லை. “தொட்டா தெரியும். கேட்டா சொல்லுவா.” எழுதினாள். அழுத்தி எழுதியதில் மை தாளின் பின்பக்கம் தெரிந்தது.

டிரைவர் பெருமூச்சு விட்டார். அக்கா பகடையைப் பையில் போட்டு நாடாவை இழுத்தாள். “கேட்டுக்கிட்டேன்,” என்றாள்.

அவளுக்கு உடம்பு லேசாகிவிட்டது, காய்ச்சல் விட்ட மாதிரி. நாலு நாளாகத் தொண்டையில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. சொல்லிவிட்டாள். எல்லாரும் கேட்டார்கள்.*

(* பிசகு இங்கேதான். சொல்ல வேண்டிய இடம் அந்த மேசை இல்லை. இருந்த தைரியம் மொத்தத்தையும் மந்திரக்காரி செலவழித்துவிட்டாள். அரை மணி கழித்து ஆபீஸ் அறையில் போய் உட்கார்ந்தபோது, மடிப்பு வேலை பார்க்கிறவளிடம் மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை.)

“கம்பி கட்டியிருந்ததாம்மா?” என்றார் அதிகாரி.

“…”

“கொஞ்சம் சத்தமா.”

“பார்க்கலைங்க சார்.”

“வேற எப்பவாவது கட்டிப் பார்த்திருக்கியா?”

“இல்லைங்க.”

எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டாள். “எழுத்து அழகா இருக்கே. எதுவரைக்கும் படிச்சே?” என்று கேட்டார். பிறகு, “எதுவும் ஞாபகம் வந்தா இருபதாம் தேதிக்குள்ள வந்து சொல்லு. அப்புறம் ஃபைலை மூடிடுவேன்,” என்றார்.

6

முடிவு ஒன்று. அவள் பஸ் பிடித்துப் போய் அதிகாரியின் அறைக் கதவைத் தட்டுகிறாள். எல்லாவற்றையும் சொல்கிறாள். இதை மூன்று பக்கம் எழுதியாயிற்று. நன்றாகவே வந்தது. எழுதி முடித்ததும் உடம்பு லேசானது, காய்ச்சல் விட்ட மாதிரி. அந்த லேசு எதுவென்று தெரிந்ததும் மூன்று பக்கத்தையும் குறுக்கே அடித்தாயிற்று. இருபதாம் தேதிவரை தினம் ஒரு நல்ல முடிவு எழுதிக்கொண்டே இருந்துவிட முடியும் இவளால்.

முடிவு இரண்டு. மீசை அண்ணன், “விடு பாப்பா, நானும்தானே சிரிச்சே—”

இல்லை. அவர் வாயில் அந்த வசனத்தை வைக்க இவள் யார்?

முடிவு மூன்று. அக்கா தானாகவே போய் ஒத்துக்கொள்கிறாள். (அக்காவைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். இரண்டு வாயையும் தெரிந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.)

வேறு முடிவு கற்பனையில் இல்லை. எனவே நடந்ததை மட்டும்.

7

இன்று பதினேழாம் தேதி. சாப்பாட்டு நேரத்தில் மீசை அண்ணன் வந்தார், தன் பெட்டியில் இருந்த சாமான்களை எடுத்துக்கொள்ள. மாற்றுச் சட்டை, செருப்பு, ஒரு தண்ணீர் பாட்டில். எல்லாவற்றையும் இடது கையாலேயே ஒரு கவரில் போட்டார். வலது கை மணிக்கட்டுக்கு மேல்வரை வெள்ளையாக இருந்தது. மெலிந்துபோயிருந்தார்.

“வாங்கண்ணே, உக்காருங்க,” என்று டிரைவர் பெஞ்சில் இடம்விட்டார். அவர் உட்காரவில்லை. கொதிகலனைப் பார்த்துவிட்டு வருவதாக முனகிக்கொண்டு அக்கா எழுந்து போனாள். கொதிகலன் அணைந்துதான் இருந்தது.

மடிப்பு வேலை பார்க்கிறவள் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்தாள். மந்திரக்காரியின் தாள் மேசையில் கிடந்தது. அதைத் திருப்பிக் கவிழ்த்தாள். பைக்குள் கையை விட்டு இந்த நோட்டை எடுத்தாள். நாலாம் பகுதியைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். அவள் எழுதியதை இன்னொருவர் படிப்பது இதுவே முதல் தடவை.

நின்றபடியே படித்தார். மெதுவாக, உதடு அசைய. முடித்துவிட்டு மறுபடி மேலே போய் முதல் வரியிலிருந்து படித்தார். மூன்று விரல்களின் பெயர் வருகிற இடத்தில் உதடு நின்றது.

பிறகு கட்டுப் போட்ட கையை நோட்டின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, இடது கையால் அந்தத் தாளைப் பிடித்து இழுத்தார். நேராக வரவில்லை. ஓரத்தில் கோணலாகக் கிழிந்து வந்தது. (நீங்கள் மேலே படித்த நாலாம் பகுதி, பிறகு ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதியது. சில வார்த்தைகள் மாறியிருக்கலாம். முடிச்சு இரண்டுதான்.) மேசை விளிம்பில் வைத்து நாலாக மடித்தார். சட்டைப் பை இடது நெஞ்சில். இடது கையாலேயே அதில் போடுவது சுலபம் இல்லை. இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை உள்ளே போயிற்று.

அதை அவர் அதிகாரியிடம் கொண்டுபோனால், அவருக்குச் சேர வேண்டியது சேரும். அக்காவும் அவளும் வேலை போய் வெளியே நிற்பார்கள், ஒருவேளை ஜெயிலுக்கு உள்ளே. கொண்டுபோகாவிட்டால் அவர் வெளியே நிற்பார். அல்லது இருபதாம் தேதிக்குள் அவளே போய்ச் சொல்கிறாளா என்று பார்க்கத்தான் எடுத்துக்கொண்டாரோ என்னவோ. எழுதுகிறவளுக்குத் தெரியவில்லை. முடிவு இனி எழுதியவள் கையில் இல்லை, படித்தவர் பையில் இருக்கிறது.

“அண்ணே, வண்டியில கொண்டுபோய் விடட்டுமா?” என்றார் டிரைவர்.

மீசை அண்ணன் கவரை முழங்கையில் மாட்டிக்கொண்டார். அவளை ஒரு தடவை பார்த்தார். கோபமா, வேறு ஏதாவதா என்று அவளால் படிக்க முடியவில்லை. வரிசையாக நிற்கும் துணி வண்டிகளுக்கு நடுவே நடந்து, தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.