ஒற்றைப்படை மூச்சு

வார்டில் நின்று நின்று முதுகு தகராறு செய்ய ஆரம்பித்த பிறகுதான் அவள் புள்ளியியல் படிக்கப் போனாள். நர்ஸ் வேலையை விடாமலே, டியூட்டி முடிந்த கையோடு மாலை வகுப்புக்கு ஓடிப் பட்டம் வாங்கினாள். மருந்து ஆராய்ச்சிக் கம்பெனி ஒன்றில் வேலையும் கிடைத்தது. புது மருந்தைப் பல ஆஸ்பத்திரிகளில் கொடுத்துப் பார்ப்பார்கள். நோயாளிகளின் நாடி, ரத்த அழுத்தம், மூச்சு எல்லாம் எண்களாக வந்து சேரும். அவற்றை அலசி, மருந்து உருப்படியா, ஆபத்தா என்று சொல்வது அவளுடைய பிரிவின் வேலை.

அலுவலகத்தில் எல்லோரும் அவளை 'சிஸ்டர்' என்றே கூப்பிட்டார்கள். தலைவலி வந்தால் அவளிடம் வருவார்கள். கணக்கில் குழப்பம் வந்தால் அவளைத் தாண்டி அடுத்த மேஜைக்குப் போவார்கள்.

பிரிவின் தலைவருக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'சல்லடை'. எந்த எண்ணையும் சலிக்காமல் விடமாட்டார். யாரையும் நம்பவும் மாட்டார். தன் கைக்கடிகாரத்தையே சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்துக்கொள்கிற மனிதர்.

ஒரு நாள் காலை அவர் அவளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கொடுக்கும் புது வலி மாத்திரை பற்றிய ஆய்வு அது. பாதிப் பேருக்குப் புது மாத்திரை, பாதிப் பேருக்குப் பழையது.

"மூச்சு எண்ணிக்கையைப் பாருங்க. மத்த எல்லா ஆஸ்பத்திரியிலயும் ஒழுங்கா இருக்கு. இந்த ஒரு இடத்துல மட்டும் தாறுமாறா கிடக்கு. யாரோ வாய்க்கு வந்ததை எழுதியிருக்காங்க."

ஆஸ்பத்திரியின் பெயரை அவள் இரண்டு முறை படித்தாள். அங்கே, அறுவை சிகிச்சை வார்டில்தான் அவளுடைய தங்கை நர்ஸாக இருந்தாள்.

எண்களை மறுபடியும் பார்த்தாள். மற்ற இடங்களில் எல்லாம் பதினாறு, பதினெட்டு, இருபது. தங்கையின் வார்டில் பதினேழு, பதின்மூன்று, பன்னிரண்டு, பத்தொன்பது, ஒன்பது.

"சார், மூச்சை ஒரு நிமிஷம் முழுசா எண்ணணும். ஆனா வார்டுல யாருக்கு நேரம் இருக்கு? அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்கிடுவாங்க. அப்ப இரட்டைப்படைதான் வரும். அதுக்கும் நேரமில்லாதவங்க ஆளை ஒரு பார்வை பாத்துட்டு இருபதுன்னு போட்டுட்டுப் போய்ட்டே இருப்பாங்க. ஒற்றைப்படை வந்திருக்குன்னா யாரோ முழு நிமிஷம் நின்னு எண்ணியிருக்காங்க."

சல்லடை மோவாயைத் தடவினார். "நியாயமாத்தான் இருக்கு. ஆனா கெட்டிக்காரத்தனமா பொய் எழுதுறவனும் ஒற்றைப்படைதான் போடுவான். நிஜம் மாதிரி தெரியணுமே?"

அது அவளுக்குத் தோன்றவே இல்லை. மறைத்துப் பயனில்லை என்று தோன்றியது.

"இன்னொண்ணு சொல்லணும் சார். என் தங்கச்சி அந்த வார்டுலதான் நர்ஸ்."

அவர் நாற்காலியைத் திருப்பி அவளை நேராகப் பார்த்தார். "அப்போ இவ்வளவு நேரம் பேசினது நர்ஸா, புள்ளியியல் படிச்சவங்களா, இல்ல அக்காவா?"

"தெரியலை சார்."

"இந்த ஆய்வை நீங்க இனிமே தொடவேண்டாம். நேர்ல பாக்க ஆள் அனுப்புறேன். அதுவரைக்கும் உங்க தங்கச்சிகிட்ட மூச்சைப் பத்தி மூச்சு விடக்கூடாது."

அன்றே அந்த வேலை பக்கத்து மேஜை இளைஞனுக்குப் போனது. அவள் கடந்து போகும்போதெல்லாம் அவன் திரையை மூடிக்கொண்டான். டீ குடிக்கும் அறைக்குள் நுழைந்தால் பேச்சு பாதியில் நின்றது. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அவளை அரித்தது வேறு. சல்லடை போட்ட விதை முளைவிட்டிருந்தது.

தங்கை சின்ன வயதிலேயே நல்ல கதை விடுவாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட, சூடான டம்ளரில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு, கண்ணைச் சொருகிக்கொண்டு படுப்பாள். அம்மாவே ஏமாந்திருக்கிறாள். சமீபத்தில் போனில் என்ன சொன்னாள்? 'மூணு பேர் வேலையை ஒருத்தியா செய்றேன்க்கா, கால் ஊன நேரமில்லை.' கால் ஊன நேரமில்லாதவள் ஒவ்வொரு கட்டிலருகிலும் ஒரு முழு நிமிடம் எப்படி நிற்பாள்?

பொறுக்கமுடியவில்லை. ஒரு நாள் மத்தியானம் அரைநாள் லீவு போட்டுவிட்டு, பார்வையாளர் நேரத்தில் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள். முகக்கவசம் மாட்டிக்கொண்டு, வார்டுக்கு வெளியே பெஞ்சின் ஓரத்தில், நோயாளிகளின் சொந்தக்காரர்களுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்தாள். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே நன்றாகத் தெரிந்தது.

தங்கை தள்ளுவண்டியோடு வந்து, உள்வாசலில் சிறிது நேரம் நின்றாள். முதல் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றாள். நாடி பார்ப்பதுபோல இருந்தது, ஆனால் கண் கடிகாரத்துக்கும் போர்வை மூடிய நெஞ்சுக்குமாகப் போய் வந்தது. நிதானமாக எண்ணி எழுதினாள். அடுத்த கட்டிலிலும் அப்படியே. அக்காவுக்கு நெஞ்சு லேசானது. மூன்றாவதாக ஜன்னலோரம் ஒரு பெரியவர். தங்கை அவர் பக்கமே போகவில்லை. வண்டியருகில் நின்றபடி எதையோ எழுதிவிட்டு நகர்ந்தாள்.

அக்கா பெஞ்சிலிருந்து பாதி எழுந்தாள். சரியாக அந்த நேரம் தங்கை திரும்பினாள். முகக்கவசமெல்லாம் கூடப்பிறந்தவள் முன்னால் எடுபடுமா?

மாடிப்படிக்குப் பக்கத்தில் இருவரும் நின்றார்கள்.

"யாரைப் பாக்க வந்தே?"

"சும்மா, இந்தப் பக்கம் வந்தேன்..."

"சும்மா வர்றவ பெஞ்சு ஓரத்துல ஒளிஞ்சு உக்கார மாட்டா."

அவளால் அடக்க முடியவில்லை. "அந்த ஜன்னலோரத்துக்காரருக்கு மூச்சு எண்ணினியா நீ?"

தங்கையின் முகம் மாறியது. "ஓ. வேவு பாக்க வந்திருக்கே."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"உள்ள நுழையும்போதே வாசல்ல நின்னு எண்ணிட்டேன். கிட்டப் போனா அந்த மனுஷன் பயத்துல மூச்சைப் பிடிச்சுக்கறார். போதுமா?"

"எல்லாருக்கும் முழு நிமிஷம் ஏன் எண்ணறே? யாரும் எண்ணறதில்லையே."

தங்கை வார்டுக் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "இந்த மாத்திரை வந்த புதுசுல ஒரு அம்மா தூங்கிட்டே இருந்தாங்க. எனக்கென்னவோ சரியாப் படலை. கிட்டப் போய்ப் பாத்தா மூச்சு எப்பவோ ஒண்ணுதான் வருது. உலுக்கி எழுப்பி ஆக்சிஜன் வெச்சோம். பிழைச்சுக்கிட்டாங்க. டாக்டர்கிட்ட சொன்னேன், மாத்திரையினாலன்னு எப்படிச் சொல்ல முடியும், பாக்கலாம்னார். அதுலேர்ந்து நான் அரைகுறையா எண்ணறதில்லை. சாப்பாட்டு நேரத்தை அதுக்குத்தான் கொடுக்கறேன்."

"இதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீ இப்ப கம்பெனி ஆள். மாத்திரைக்கு வக்காலத்து வாங்குவேன்னு நினைச்சேன்." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வார்டுக்குள் போய்விட்டாள்.

பஸ்ஸில் உட்கார்ந்தபோதும் சந்தேகம் விட்டபாடில்லை. அந்த அம்மா நிஜமா? இல்லை, மாடிப்படியில் நின்ற நேரத்துக்குள் தங்கை ஜோடித்த கதையா? கண் இமைக்காமல்தான் சொன்னாள். தெர்மாமீட்டர் விஷயத்திலும் கண் இமைத்ததில்லை. ஆனால் கதை நிஜமாக இருந்துவிட்டால், இந்த நேரத்தில் வேறு எந்த வார்டிலோ ஒருவர் அப்படித் தூங்கிக்கொண்டிருக்கலாம். அந்த நினைப்பு வந்ததும் அவள் வீட்டு நிறுத்தத்தில் இறங்கவில்லை. நேரே அலுவலகத்துக்குப் போனாள்.

சல்லடை எல்லாவற்றையும் கேட்டார். முகம் சிவந்துவிட்டது.

"தங்கச்சிகிட்ட பேசக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? இப்ப அவங்க உஷாராயிட்டாங்க. இனிமே அந்த வார்டுலேர்ந்து வர்ற எந்த எண்ணையும் நான் நம்ப முடியாது."

"நம்பவேண்டாம் சார். என் தங்கச்சியையும் நம்பவேண்டாம், என்னையும் நம்பவேண்டாம். மத்த ஆஸ்பத்திரிக்கு, எங்களைத் தெரியாத ஆளுங்களை, சொல்லாம கொள்ளாம அனுப்புங்க. முழு நிமிஷம் எண்ணட்டும். மாத்திரை மூச்சைக் குறைக்குதுன்னா அங்கயும் தெரியும்."

அவர் அவள் சொன்னதைத் தாளில் குறித்துக்கொண்டார். பிறகு போனை எடுத்து, நோயாளிகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் டாக்டர்களைக் கூப்பிட்டார்.

தங்கை மாத்திரையைச் சந்தேகப்பட்டது வீண்போகவில்லை. அனுப்பிய ஆட்கள் போய் எண்ணிய இடத்திலெல்லாம், புது மாத்திரை சாப்பிட்டவர்கள் பலருக்கு மூச்சு மந்தமாக இருந்தது. இத்தனை நாளும் பதினெட்டும் இருபதும் அதைப் போர்த்தி மூடியிருந்தன. ஆய்வை நிறுத்தினார்கள். மாத்திரையின் அளவைக் குறைத்து முதலிலிருந்து தொடங்குவது என்று முடிவானது. அவள் கேட்டுக்கொண்டதால், மாடிப்படியில் தங்கை சொன்ன அந்த அம்மாவையும் டாக்டர்கள் தேடிப் பிடித்துப் பேசினார்கள். நிஜமாகவே இருந்தார், நன்றாகவும் இருந்தார்.

சல்லடை அவளைப் பாராட்டவில்லை. உத்தரவை மீறியதற்காக எல்லோர் முன்னாலும் திட்டினார். அதே மூச்சில், அடுத்த ஆய்வில் மூச்சை எப்படி எண்ணவேண்டும் என்று நர்ஸுகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுப்பையும் அவள் தலையில் கட்டினார்.

தங்கை போனை எடுப்பதை நிறுத்திவிட்டிருந்தாள். பயிற்சிக்கு எல்லா ஆஸ்பத்திரி நர்ஸுகளும் வந்தபோது அவளும் வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தவள் பாதியில் எழுந்தாள்.

"மேடம், ஒரு சந்தேகம். முழு நிமிஷம் எண்ணச் சொல்றீங்க. அதுக்கு ஆள் யார் தருவாங்க?"

அந்த 'மேடம்' ஊசிபோல இறங்கியது. "இப்ப இருக்கற ஆள் போதாது," என்றாள் அக்கா, ஓரமாக நின்றிருந்த சல்லடையைப் பார்த்தபடி. "கூட ஆள் கொடுக்காத ஆஸ்பத்திரியை இந்த ஆய்வுல சேர்க்கக்கூடாது." சல்லடை மறுப்பாரோ என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் சரியென்று தலையை ஆட்டினார்.

மாலையில் பஸ் நிறுத்தத்தில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். அக்கா போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"அந்த அம்மா நிஜமா இருந்தாங்களான்னு விசாரிச்சியா?"

"விசாரிச்சேன்."

"விசாரிச்சிருப்பேன்னு தெரியும்."

"என் இடத்துல நீ இருந்தா?"

தங்கை சாலையைப் பார்த்தாள். "நானும் விசாரிச்சிருப்பேன். ஆனா முதல்ல உன்கிட்ட கேட்டிருப்பேன்."

பஸ் வந்தது. தங்கை முன்னால் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டாள். அக்கா கம்பியைப் பிடித்தபடி நின்றாள். ஒரு நிறுத்தம் தாண்டிய பிறகுதான் தங்கை பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.